வைப்பர் பிளேடு மாற்றப் போகிறீர்களா? முதலில் ஒரு தடித்த துண்டை எடுத்து வையுங்கள்

முதல் முறை நானே வைப்பர் பிளேடு மாற்றியபோது, பழைய பிளேடைக் கழற்றிவிட்டுப் புதியதை எடுக்கத் திரும்பினேன். பிளேடு இல்லாமல் நிமிர்ந்து நின்ற ஆர்ம் (பிளேடைத் தாங்கும் இரும்புக் கை), பின்னால் சட்டென்று சாய்ந்து முன்கண்ணாடியில் அடித்தது. திரும்பிப் பார்த்தபோது கண்ணாடியில் ஒரு விரற்கடை அளவுக்கு விரிசல். அடுத்த சில நாட்களில் அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டி வந்தது. பிளேடு வாங்கிய பணத்தைவிடப் பல மடங்கு செலவு. அதோடு, நான் வாங்கி வைத்திருந்த பிளேடுகளில் ஒன்று அளவில் தவறு, இன்னொன்று கொக்கியில் பொருந்தவில்லை.

வேலை உண்மையில் சின்னதுதான். கைப்பழக்கம் வந்தபின் இரண்டு பிளேடையும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், முதல் முறை என்றால் அரை மணி நேரம். சிக்கல் எல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது: சரியானதை வாங்குவதிலும், கண்ணாடியைக் காப்பதிலும். அதனால் அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

பிளேடு சரியாகத் துடைக்கவில்லை என்றால் உடனே கடைக்குப் போகாதீர்கள். பாதி நேரம் குற்றவாளி கண்ணாடிதான். புகை, தூசி, மரத்துப் பிசின், கார் கழுவும்போது படியும் மெழுகு எல்லாம் சேர்ந்து கண்ணாடிமேல் எண்ணெய்ப் படலம்போல ஒட்டிக்கொள்ளும். கையால் தடவினால்கூடத் தெரியாது. இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால், துடைத்த இடம் முழுக்கப் பனி மூடியதுபோல மங்கும். அந்த மங்கலுக்குப் புதிய பிளேடு மருந்தில்லை.

முதலில் கண்ணாடியை நன்றாகக் கழுவி, கண்ணாடி துடைக்கும் திரவம் போட்டு, நூல் உதிராத துணியால் துடையுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ரப்பரின் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாக உருவுங்கள். கருப்பாக வரும். இரண்டு மூன்று முறை செய்தால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் ரப்பரில் தடவாதீர்கள். அந்த நேரத்துக்குப் பளபளப்பாகத் தெரியும், ஆனால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் செய்யாதீர்கள். துடைக்கும் விளிம்பு நேராக, கூராக இருந்தால்தான் தண்ணீரை வழிக்கும். தேய்த்தால் அந்தக் கூர் போய்விடும்.

இதற்குப் பிறகு வாஷர் தண்ணீர் பீய்ச்சி வைப்பரை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மெல்லிய கோடு விழுந்தால், விளிம்பில் அந்த இடத்தில் கீறலோ வெட்டோ இருக்கிறது. பிளேடு தடதடவென்று துள்ளித் துள்ளிப் போனால் ரப்பர் இறுகிவிட்டது. அகலமான பட்டையாகத் தண்ணீர் துடைபடாமலே நின்றால், ரப்பரைப் பிடித்திருக்கும் சட்டம் வளைந்திருக்கலாம் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

ரப்பர் இறுகுவதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பலர் விளிம்பு கிழியாமல் இருந்தால் பிளேடு நன்றாக இருப்பதாக நினைக்கிறார்கள். வைப்பர் ஒரு பக்கம் போகும்போது ரப்பரின் உதடு எதிர்ப்பக்கம் சாய்ந்து இழுபடும். திரும்பி வரும்போது அது மடங்கி மறுபக்கம் சாய வேண்டும். வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பருக்கு அப்படி மடங்க வராது. அதனால்தான் போகும்போது சுத்தமாகத் துடைத்துவிட்டு வரும்போது மட்டும் துள்ளும். விரலால் உதட்டை இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். மெத்தென்று சாயாமல் விறைப்பாக இருந்தாலோ, ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி நின்றுவிட்டாலோ மாற்ற வேண்டிய நேரம்.

பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். காரை ஓட்டாமல் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தாலும் ரப்பர் காயும், அதனால் ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

2. முழு பிளேடா, ரப்பர் மட்டுமா?

செலவு இங்கேதான் கூடும் அல்லது குறையும். சட்டம் நன்றாக இருந்து ரப்பர் மட்டும் போயிருந்தால், பல பிளேடுகளில் ரப்பர் பட்டையை மட்டும் மாற்றலாம். முழு பிளேடைவிட இது மலிவு. ஆனால் எல்லா பிளேடிலும் முடியாது, சில தட்டை பிளேடுகளில் ரப்பர் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கும்.

கடையில் மூன்று விதம் பார்ப்பீர்கள். பழைய பாணி, வெளியே தெரியும் இரும்புச் சட்டமும் மூட்டுகளும் உள்ளது: விலை குறைவு, ஆனால் மூட்டுகளில் தூசியும் பனியும் சேர்ந்து இறுகிக்கொள்ளும். தட்டை பிளேடு என்பது மூட்டுகள் இல்லாமல் உள்ளே வளைந்த ஒரு ஸ்பிரிங் பட்டையோடு வருவது. கண்ணாடியின் வளைவோடு நன்றாக ஒட்டும், வேகத்தில் காற்று தூக்காது, விலை கூடுதல். மூன்றாவது, இரும்புச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் உறை போட்ட கலப்பு வகை.

ரப்பரில் சாதா ரப்பரும் உண்டு, சிலிகானும் உண்டு. சிலிகான் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். என் கருத்தைக் கேட்டால்: காருடன் வந்தது எந்த வகையோ அதையே, நடுத்தர விலையில், வருடம் தவறாமல் மாற்றுங்கள். மிக விலை உயர்ந்ததை வாங்கிவிட்டு மூன்று வருடம் ஓட்டுவதைவிட அது நல்லது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று மட்டும் கெட்டதுபோலத் தெரிந்தாலும் இரண்டும் அதே வெயிலில்தான் காய்ந்திருக்கும்.

3. அளவை உங்கள் கையால் எடுங்கள்

நான் கடையில் காரின் பெயரைச் சொல்லி வாங்கினேன். கொடுத்தவர் இரண்டையும் ஒரே நீளத்தில் கொடுத்துவிட்டார். பெரும்பாலான கார்களில் இரண்டு பிளேடும் ஒரே நீளம் இல்லை. ஓட்டுநர் பக்கம் பெரும்பாலும் நீளமாகவும், அடுத்த பக்கம் குட்டையாகவும் இருக்கும். 24 இன்ச்சும் 18 இன்ச்சும், 26 இன்ச்சும் 16 இன்ச்சும் என்று ஜோடி ஜோடியாக வரும். ஒரே பெயரில் வந்த காரிலேயே தயாரித்த வருடம் மாறினால் அளவும் மாறலாம்.

டேப்பை எடுத்து, ரப்பரின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளங்கள். வளைவோடு ஒட்டினாற்போல டேப் போக வேண்டும். ஓட்டுநர் பக்கம் இவ்வளவு, மறுபக்கம் இவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் மில்லிமீட்டர் மட்டும் போட்டிருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 400 என்றால் 16 இன்ச், 450 என்றால் 18, 600 என்றால் 24, 650 என்றால் 26. மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து அருகில் உள்ள முழு எண்ணை எடுத்துக்கொண்டால் சரியாக வரும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காரில் இப்போது இருக்கும் பிளேடு சரியான அளவுதான் என்று எப்படித் தெரியும்? உங்களுக்கு முன்னால் யாராவது தவறான அளவைப் போட்டிருக்கலாம். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். காருடன் வரும் கையேட்டில் பல நேரம் அளவு இருக்கும். பிளேடு விற்கும் நிறுவனங்களின் பட்டியலில் மாடலும் வருடமும் கொடுத்தும் பார்க்கலாம். டேப் சொல்வதும் பட்டியல் சொல்வதும் ஒத்துப்போனால் தைரியமாக வாங்குங்கள். ஒத்துப்போகாவிட்டால், கண்ணாடியில் துடைத்த தடத்தைப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பரில் பிளேடு உரசிய அடையாளம் இருக்கிறதா? இரண்டு பிளேடும் ஒன்றையொன்று முட்டுகிறதா? அப்படியென்றால் இருப்பது நீளம் கூடியது.

கேட்ட அளவு இல்லை என்றால் ஒரு இன்ச் குட்டையானது பரவாயில்லை, கொஞ்சம் இடம் துடைபடாமல் இருக்கும், அவ்வளவுதான். நீளமானதை மட்டும் வாங்காதீர்கள். ஒன்றோடொன்று முட்டினால் பிளேடு வளையும், ஆர்மும் கோணும்.

4. கொக்கியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

நீளம் சரியாக இருந்தும் மாட்ட முடியாமல் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். ஆர்மும் பிளேடும் இணையும் இடம் எல்லாக் காரிலும் ஒரே மாதிரி இல்லை.

மிகப் பரவலானது கொக்கி வகை. ஆர்மின் நுனி, குடையின் கைப்பிடிபோல வளைந்திருக்கும். இதிலும் 9 மில்லிமீட்டர் அகலத்தில் 3 மில்லிமீட்டர் தடிமன், 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வேறுபாடு உண்டு. பல பிளேடுகளில் இரண்டுக்கும் பொருந்தும்படி சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் கூடவே வரும். தவறான துண்டைப் போட்டால் மாட்டிக்கொண்டதுபோலத் தெரியும், ஆனால் ஆடும். ஓடும் வண்டியில் கழன்று பறந்துவிட வாய்ப்பு உண்டு.

கொக்கி இல்லாமல், ஆர்மின் நுனி தட்டையாக நேராக நின்றால் அது வேறு வகை. பிளேடில் உள்ள பொத்தானை அழுத்தி உருவுவது ஒன்று, இரு பக்கமும் கிள்ளி இழுப்பது இன்னொன்று, ஆர்மின் பக்கவாட்டில் ஒரு முள் நீட்டிக்கொண்டு பிளேடுக்குள் நுழைவது மற்றொன்று. பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இணையும் இடத்தை மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள். கடைக்குக் காரிலேயே போனால் இன்னும் நல்லது. பெட்டியைப் பிரிப்பதற்கு முன், உங்கள் வகை அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பிரித்தபின் திரும்ப எடுக்க மறுப்பார்கள்.

5. நேரமும் இடமும்

பகலில், மழை இல்லாதபோது, காற்று வீசாத இடத்தில் செய்யுங்கள். மழை தொடங்கியபின் கடை முன்னால் நின்று அவசரமாகச் செய்வதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். மழைக்காலத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கிவிட்டால், பொருந்தாததை மாற்றவும் நேரம் இருக்கும்.

தேவையானது: நான்காக மடித்த ஒரு தடித்த துண்டு, ஒரு துணி, டேப். பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். ஆர்மின் அடியில் ஒரு நட் தெரியும், அதைத் தொடாதீர்கள். பிளேடு மாற்ற ஆர்மைக் கழற்றவே வேண்டாம். அந்த நட்டைத் தளர்த்தினால் வைப்பர் நிற்கும் இடமே மாறிப்போகும்.

இக்னிஷனை அணையுங்கள். மழையை உணர்ந்து தானே ஓடும் வைப்பர் என்றால் அதையும் அணைத்துவிடுங்கள், கை அதன்மேல் இருக்கும்போது ஓடிவிடக் கூடாது.

அடுத்தது முக்கியம். சில கார்களில் வைப்பர் ஓய்வில் இருக்கும்போது பானெட்டின் விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதை அப்படியே தூக்க முயன்றால் பானெட்டில் இடித்துப் பெயின்ட் பெயரும், ஆர்மும் வளையலாம். இத்தகைய கார்களில் வைப்பரைக் கண்ணாடியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தும் சர்வீஸ் நிலை என்று ஒன்று இருக்கும். இக்னிஷனை அணைத்த சில நொடிகளுக்குள் வைப்பர் லீவரைத் தட்டிப் பிடிப்பது ஒரு முறை, திரையில் மெனுவுக்குள் போய்த் தேர்ந்தெடுப்பது இன்னொரு முறை. உங்கள் காருக்கு எது என்பது கையேட்டில் வைப்பர் பகுதியில் இருக்கும். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் பானெட்டைத் திறக்காதீர்கள்.

6. கழற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் அப்படியே இருந்தால், எப்படி மாட்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆர்மைத் தூக்கி நிறுத்துங்கள். நிறுத்தியவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், மடித்த துண்டை அதற்கு நேர் கீழே கண்ணாடியில் விரியுங்கள். ஆர்மை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வலுவானது. பிளேடு இருக்கும்போது ரப்பர் அடியைத் தாங்கும். பிளேடு இல்லாத ஆர்ம் வெறும் இரும்பு, சுத்தியல்போல விழும். முன்கண்ணாடியில் விழுந்த சின்ன விரிசல், வெயிலும் குளிரும் மாறி மாறிப் படப்பட நீளும். துண்டு விரிக்கப் பத்து நொடிகூட ஆகாது.

கொக்கி வகையில், பிளேடை ஆர்முக்குக் குறுக்காகத் திருப்புங்கள். இணையும் இடத்தில் ஒரு சின்ன நாக்கு தெரியும். அதை அழுத்திக்கொண்டே பிளேடை ஆர்மின் அடிப்பக்கமாக, அதாவது கீழ்நோக்கித் தள்ளுங்கள். கொக்கியிலிருந்து விடுபடும். பிறகு பிளேடின் துளை வழியாகக் கொக்கியை வெளியே எடுக்க வேண்டும். பழைய பிளேடு தூசியில் இறுகியிருந்தால் முதலில் அசையாது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். மேல்நோக்கி எவ்வளவு இழுத்தாலும் வராது, பலர் அந்தப் பக்கம் இழுத்துத்தான் நாக்கை உடைக்கிறார்கள்.

பொத்தான் வகையில் அழுத்திக்கொண்டு நேராக உருவினால் வந்துவிடும்.

கழற்றியதும் ஆர்மை மெதுவாகத் துண்டின்மேல் படுக்க வையுங்கள். நிமிர்ந்து நிற்க விட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

7. மாட்டுதல்

புதிய பிளேடைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளத்தை இன்னொரு முறை ஒப்பிடுங்கள். எது ஓட்டுநர் பக்கம் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றைத் தடுக்கும் இறக்கைபோன்ற பிளாஸ்டிக் உள்ள பிளேடுகளில் பக்கம் மாறினால் அது தலைகீழாக நிற்கும்.

கழற்றியதற்கு நேர் எதிர் வரிசைதான். கொக்கியைத் துளைக்குள் விட்டு, பிளேடை மேல்நோக்கி இழுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கேட்டபின்னும், நாக்கை அழுத்தாமல் பிளேடைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. சில பிளேடுகளில் மேலே ஒரு மூடி இருக்கும், அதையும் மூடி அழுத்துங்கள்.

ரப்பரின் விளிம்பைக் காக்க, புதிய பிளேடில் நீளமான பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பார்கள். நிறம் ரப்பரோடு ஒத்துப்போவதால் கண்ணில் படாமல் போகலாம். அதை உருவி எடுத்தபின்தான் வைப்பரை ஓட்ட வேண்டும். ரப்பரின் விளிம்பைக் கையால் தடவாதீர்கள், சில பிளேடுகளில் அதன்மேல் வழுக்கலுக்காக மெல்லிய பூச்சு இருக்கும்.

துண்டை எடுத்துவிட்டு ஆர்மைக் கையால் பிடித்து மெல்ல இறக்குங்கள். பிறகு அடுத்த பக்கம்.

8. ரப்பர் பட்டை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு

பழைய ரப்பரையும் கடைக்கு எடுத்துப் போங்கள். நீளம் மட்டும் ஒத்தால் போதாது, சட்டத்துக்குள் நுழையும் தண்டின் அகலமும் ஒத்துப்போக வேண்டும். ரப்பரின் இரு பக்கமும் மெல்லிய இரும்புப் பட்டை இரண்டு இருக்கும். புதிய ரப்பரோடு அவை வராமல் போகலாம், அதனால் பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உருவும் முன் பட்டைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன, எந்த முனையில் பூட்டு இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு மாறிப் போட்டால் முனைகள் கண்ணாடியைத் தொடாது.

ரப்பரைச் சட்டத்தின் ஒவ்வொரு நகத்துக்குள்ளும் (ரப்பரைக் கவ்விப் பிடிக்கும் சின்னப் பிடிகள்) நுழைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நகம் விட்டுப்போனால் அந்த இடத்தில் இரும்பு கண்ணாடியைக் கீறும். கடைசி நகம் பூட்டுக்குழியில் உட்கார்ந்ததா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். ரப்பர் நீளமாக வந்து வெட்ட வேண்டியிருந்தால், பூட்டு இல்லாத முனையில் வெட்டுங்கள்.

9. ஓட்டிப் பார்த்தல்

காய்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள். வாஷர் தண்ணீரைப் பீய்ச்சி, முதலில் மெதுவான வேகம், பிறகு வேகம். பிளேடுகள் ஒன்றோடொன்று முட்டாமல், கண்ணாடியின் விளிம்பைத் தாண்டாமல் போக வேண்டும்.

புதிய பிளேடும் துள்ளுகிறதா? கண்ணாடியை இன்னொரு முறை சுத்தம் செய்யுங்கள். தண்ணீர் ஒட்டாமல் இருக்கக் கண்ணாடியில் ஏதாவது பூச்சு போட்டிருந்தாலும் சில பிளேடுகள் துள்ளும். அதுவும் இல்லை என்றால் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரப்பர் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், இரண்டு ஸ்பானர் பிடித்து ஆர்மை நிமிர்த்திவிடுவார். அதை நீங்களே வெறும் கையால் முயல வேண்டாம்.

10. பின் கண்ணாடி

பின்னால் வைப்பர் இருந்தால் அதையும் பாருங்கள். பெரும்பாலும் 10 முதல் 14 இன்ச்சுக்குள் இருக்கும். இணைப்பு முற்றிலும் வேறு, பலவற்றில் ஆர்மே பிளாஸ்டிக், எளிதில் உடையும். பிளேடைக் குறுக்காகத் திருப்பினால் சில வகைகள் தானே விடுபடும். வலுவாக இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் வேறு ஏதோ பூட்டைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிட்டுப் பாருங்கள். இதற்குப் பொதுவான பிளேடைவிட உங்கள் காருக்கென்றே வருவதை வாங்குவது நல்லது.

11. பெட்டியும் ரசீதும்

பெட்டியின் பக்கவாட்டில் உள்ள எண்ணை, நீளத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் டேப் எடுக்க வேண்டியிருக்காது. மாற்றிய தேதியைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். தேய்ந்துபோகும் பொருள் என்பதால் பொதுவாகக் கார் வாரண்டியில் வைப்பர் ரப்பர் வராது, ஆனால் புதிய பிளேடு ஓரிரு வாரத்திலேயே கோடு போட்டால் ரசீதோடு கடையில் மாற்றித் தரக் கேட்கலாம். முதல் நல்ல மழையில் ஓட்டிப் பார்க்கும்வரை ரசீதையும், கழற்றிய பழைய பிளேடுகளையும் டிக்கியில் வைத்திருங்கள்.